பயணியா, ஆளா?

என் மனைவி செங்கமலம் லிஃப்டுக்குள் மாட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. பதினாறாம் மாடியில் கதவு ஒரு விரல் அகலம்தான் திறந்திருந்தது. அந்த இடுக்கு வழியாகத் தோசையை நுழைத்துக்கொண்டிருந்தேன், இட்லி நுழையவில்லை.

லிஃப்டை ஓட்டுவது ஓசூர் டோமினிக் எழுதிய கணினி நிரல். கதவைத் திறப்பது தேனி நல்லமுத்து எழுதிய நிரல். இரண்டும் ஊருக்கே இலவசம். உள்ளே இருப்பவரை டோமினிக்கின் நிரல் 'பயணி' என்கிறது. நல்லமுத்துவின் நிரலுக்கு 'ஆள்' என்றால்தான் தெரியும். பயணி இருப்பதாக லிஃப்ட் கத்தக் கத்த, ஆள் இல்லாத லிஃப்டை எதற்குத் திறப்பது என்று கதவு சும்மா இருந்தது.

இருவரையும் போனில் பிடித்துத் திட்டினேன்.

"அவர் மாத்தட்டும் சார். நான் வச்ச பேரை நம்பி நாப்பதாயிரம் கட்டடம் இருக்கு" என்றார்கள், இருவருமே.

உள்ளேயிருந்து செங்கமலம் அலறினாள்: "ஏங்க, எனக்குப் பொணம்னு பேர் வைக்கிறதுக்குள்ள திறக்கச் சொல்லுங்க!"

அதை அப்படியே சொன்னேன். இருவருக்கும் மனம் இளகியது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், அன்று மதியமே இருவரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். லிஃப்ட் 'ஆள்' என்றது. கதவுக்கு இப்போது 'பயணி' மட்டும்தான் தெரியும்.

அதற்குமேல் பொறுக்கவில்லை. கடப்பாரையால் நெம்பினேன். வெளியே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை; கடப்பாரையைத்தான் வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேர்ல யார் வீடு கிட்ட?"

ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம். கண்டக்டர் கடப்பாரைக்கும் லக்கேஜ் போட்டுவிட்டார்.