வாசலில் ஓர் அரக்குப் பெட்டி

காலிங் பெல் விடாமல் அலறியது.

அவர் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார்.

அதற்குள் அவள் கதவைத் திறந்து, கையெழுத்தும் போட்டுவிட்டாள். கூரியர்காரனின் பைக் தெருமுனையில் மறைந்தது.

வாசற்படியில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"ஜப்பான்லருந்துங்க! நாலு வருசம் கழிச்சு உங்க மகனுக்கு அம்மா ஞாபகம் வந்திருக்கு."

அவர் கதவுக்கு உள்ளேயே நின்றுவிட்டார்.

பத்து நாளுக்கு முன் ஒசாகாவிலிருந்து ஜப்பானிய மருமகள் போனில் அழுதாள். மகன் சுதாகர் போய்விட்டான்.

மனைவியின் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். இன்று வேண்டாம், நாளை சொல்லலாம் என்று பத்து நாளை ஓட்டிவிட்டார்.

"எங்கள் குடும்பத்தில் நூறு வருடமாக இருக்கும் பெட்டி. அவர் சாம்பலை அதில்தான் அனுப்புவேன்" என்றிருந்தாள் மருமகள். இவர் நண்பர் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தார். அவளோ, சுதாகர் கைப்பட எழுதி வைத்திருந்த முகவரிக்கே அனுப்பிவிட்டாள்.

பெட்டி வெளியே வந்தது.

கறுப்பு அரக்கு பூசிய மரப்பெட்டி. அதன்மேல் சிவப்புப் பட்டுத்துணி சுற்றி, நடுவில் முடிச்சு. துணி நிறையத் தங்க அலைகள், சின்னச் சின்னப் பூக்கள்.

முடிச்சை நகத்தால் நெம்பினாள். அவிழவில்லை. தடவிப் பார்த்தாள்.

துணியே இல்லை. அத்தனையும் தீட்டியது. மடிப்பு, நிழல், முடிச்சின் சுருக்கம்கூட.

வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏமாத்திட்டான் பாருங்க, படவா! சாமி முன்னாடி வச்சுட்டு அப்புறம் தொறக்கலாம்."

பெட்டியை மார்போடு அணைத்தபடி எழுந்தாள். உள்ளே வர வலது காலைத் தூக்கினாள்.

"உள்ள கொண்டு வராத!"

அவர்தான் கத்தினார். யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

அவர் குடும்பத்தில் இறந்தவரின் சாம்பல் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. அவருடைய அப்பாவின் அஸ்திக் கலயத்தைக்கூட, ஆற்றில் கரைக்கும்வரை வெளியே வேப்பமரத்தில்தான் கட்டியிருந்தார்கள். கட்டுவதற்குக் கயிறு எடுத்துக் கொடுத்தவள் இவள்தான்.

தூக்கிய காலைக் கீழே வைத்தாள்.

வெளியே.

பெட்டியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள். பெட்டியை மடியில் வைத்து, வெயில் படாமல் முந்தானையால் மூடினாள்.

"எத்தன நாளாச்சு?"