கல்லில் இருந்த சொல்

இலங்கையின் எஹலியகொடத் தோட்டத்தில் புதுக் கன்று நடுவதற்காகப் பழைய ரப்பர் மரங்களை வெட்டியபோது, இந்திரகுமாரின் பூட்டன் சடையனின் கல்லறைக் கல் குறுக்கே நின்றது.

“ஒடச்சிருங்க” என்றான் இந்திரகுமார், மரம் வெட்டுபவர்களிடம்.

அவன் மகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் பஸீஹா டீச்சர் அந்த வழியாக வந்தவள், குனிந்து, நூற்று முப்பது வருடப் பழைய எழுத்துகளைத் தடவினாள். “ஏன்?”

“வெள்ளக்காரத் தொர எழுதுனது டீச்சர். ‘சடையன், ஆஃபுல் மேன்’. மோசமான ஆளாம். மண்சரிவுல பதினாலு பேரக் காப்பாத்திட்டுச் செத்தாருன்னு அப்பா சொல்வாரு. இதப் படிச்ச நாள்லருந்து நான் அத நம்பல. அப்பாவையும் பேச விடல.”

பஸீஹா போனில் பெரிய அகராதி ஒன்றைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.

“‘ஆஃபுல்’ங்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு இப்பத்தான் மோசம்னு அர்த்தம். அந்தக் காலத்துக் கவிதையில மலையையும் கடலையும் ஆண்டவனையும் இதே சொல்லாலதான் பாடியிருக்காங்க. பாத்தவங்கள வாயடைச்சு நிக்க வைக்கிற மனுசன்னுதான் தொர எழுதியிருக்காரு.”

இந்திரகுமார் செருப்பைக் கழற்றினான். கல்லருகே ஈர மண்ணில் உட்கார்ந்தான். வீட்டுக்குப் போன் செய்தான்.

“அப்பா, பூட்டன் கதைய இன்னொருக்கா சொல்லுங்க. நடுவுல பேச மாட்டேன்.”