மூன்றாம் கட்டிலுக்கு மேலே

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுகாதாரச் செயலாளர் இயோவானே வார்டுக்குள் நுழைந்ததுமே தலைமை நர்ஸ் தெலேசியா, இன்றைக்குத் தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாற்றம் அப்படி. மெத்தைகளில் ஊறிப்போன மூத்திரம், பின்கட்டுச் சாக்கடை, சீழ், உறவுக்காரர்கள் அவித்துக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்து மறந்துபோன ஈரப்பலாத் துண்டுகள் எல்லாம் கலந்து, கழுவக் கழுவக் கிளம்பி வந்தது. பினாயில் ஊற்றியதில் நாற்றத்துக்குச் சென்ட் பூசிவிட்டதுதான் மிச்சம்.

"காலையிலேர்ந்து மூணு தடவ கழுவிட்டோங்கய்யா," என்றாள். சர்ச்சில் பார்த்தால் அவர் அவளுக்குத் தம்பி முறை. அரசாங்க வேனிலிருந்து இறங்கினால் மட்டும் தீவு முழுக்க அவர் ஐயா.

"வாடை இருக்கட்டும், விடு," என்றது கைக்குட்டை.

குத்திக் காட்டுகிறார் என்று தெலேசியா புரிந்துகொண்டாள். பத்து மணி விமானத்தில் வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். நாட்டுக்கே இருப்பது இந்த ஓர் ஆஸ்பத்திரிதான், வேறு எங்கே கூட்டிப்போய்க் காட்டுவது? ஓடுபாதையில் மேயும் பன்றிகளை விரட்ட முதல் சைரன் ஊதியாகிவிட்டது.

இயோவானே நேராகக் கக்கூஸுக்குப் போனார். கதவுக்குப் பதிலாகத் தொங்கிய தாழம்பாயை விலக்கியதும், ஒரு கரப்பான் குடும்பமே எழுந்து நின்று மரியாதை செய்தது.

"கதவு போன புயல்ல போச்சுங்கய்யா. நாலு லெட்டர் எழுதிட்டேன்."

"நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு." சொன்னதோடு நிற்காமல் செல்போனில் ஒரு படமும் பிடித்துக்கொண்டார்.

தெலேசியா மனசுக்குள் கணக்குப் போட்டாள். மெமோ கொடுக்க ஆதாரம் சேர்க்கிறார் போலிருக்கிறது. கொடுத்துத் தொலையட்டும். இருபத்திரண்டு வருஷத்தில் வாங்கிய மெமோக்களைக் கோத்தால் சுவருக்கே தோரணம் கட்டலாம். அவளுடைய கவனம் வேறு இடத்தில்.

மூன்றாம் கட்டிலில் லோசா அக்கா படுத்திருந்தாள். சர்க்கரை வியாதியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தாயிற்று. "பத்து நாளைக்குப் புண்ணுல சொட்டுத் தண்ணி படக்கூடாது. பட்டுச்சுன்னா முழங்காலோட எடுக்கணும்," என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்று ஆறாம் நாள். காயலுக்கு மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அந்தக் கட்டிலுக்கு நேர் மேலேதான் தகரக் கூரையில் ஓட்டை. ஏழு வருஷமாக மழை வெளியே கொஞ்சமும் வார்டுக்குள்ளே நிறையவும் பெய்துகொண்டிருந்தது. கட்டிலை நகர்த்தலாம் என்றால் அக்கம்பக்கத்தில் காலை வைக்கவே இடமில்லை.

இயோவானே லோசா அக்காவிடம் வந்து நின்றார். "எப்படிக்கா இருக்கே?"

"எனக்கென்ன தம்பி, ராணி மாதிரி இருக்கேன். செருப்புல ரெண்டு விரலுக்கு இடம் மிச்சம், வாடகைக்கு விடலாமான்னு பாக்கறேன்."

அவர் சிரித்தார். பிறகு, தெலேசியா கனவிலும் எதிர்பார்க்காத காரியத்தைச் செய்தார். கைக்குட்டையைப் பையில் போட்டுவிட்டு, போர்வையை மெல்ல ஒதுக்கி, கட்டுப்போட்ட காலைத் தன் இரண்டு கையாலும் தூக்கித் தலையணைமேல் வைத்தார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். திருப்தி இல்லாமல் திரும்பி வந்து, காலை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்தார்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல தம்பி. நீ நல்லாருக்கணும்," என்றாள் லோசா அக்கா.

அப்போதுதான் அவர் அண்ணாந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்த பிறகும் நாற்றத்துக்குச் சுளிக்காத முகம் இப்போது சுளித்தது.

"மேல ஓட்டை இருந்துச்சே?"

"அடைச்சாச்சுங்கய்யா!" தெலேசியாவுக்கு வாயெல்லாம் பல். "நேத்துதான் எங்க வீட்டுக்காரரு படகுக்குப் போடற ஃபைபரும் பிசினும் கொண்டாந்து அடைச்சுட்டாரு. அரசாங்கம் ஏழு வருஷமா செய்யாதத எங்க தோமாசி ஒரே மதியத்துல..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தோமாசி எங்க?"

"வெளியதான் நிக்கிறாருங்கய்யா."

"ஏணி இருக்கா?"

தெலேசியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கூரையை இதுவரை ஓர் அதிகாரிகூட நிமிர்ந்து பார்த்ததில்லை, இவரோ ஏறியே பார்க்கப் போகிறார். இத்தனை வருஷமாக இவரைத் திட்டியதில் பாதியையாவது ஆண்டவர் மன்னிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மீதிப் பாதி அவர் நடத்தையைப் பொறுத்தது.

தோமாசி ஏணியோடு ஓடி வந்தான். இரண்டாவது சைரன் ஊதியது. தகரத்தில் முதல் தூறல் பட்டு டொக்கென்று சத்தம் கேட்டது. லோசா அக்கா பழக்கதோஷத்தில் காலை இழுத்துக்கொண்டாள். மேலேயிருந்து ஒன்றும் விழவில்லை. சிரித்தபடி மறுபடியும் நீட்டிக்கொண்டாள்.

"சீக்கிரம்யா, விமானம் எறங்கிரும்," என்று இயோவானே பறந்தார்.

"நீங்க ஏறாதீங்கய்யா, வழுக்கும்," தெலேசியா பதறினாள். "சரியா ஒட்டியிருக்கான்னு அவரே பாத்துச் சொல்லிருவாரு."

"பாக்கறதுக்கு இல்லம்மா, பிரிக்கிறதுக்கு. நனையாத நோயாளியக் காட்டினா எவன் புது ஆஸ்பத்திரி கட்டிக் குடுப்பான்?"