இறங்காத கை

அவளுடைய விரல்கள் மூடுபனியாகிக்கொண்டிருந்தன.

அண்ணனின் கைப்பேசித் திரையில் அவள் நின்றாள், பேசினாள். காது கேளாதவள். கைகளால் பேசுகிறவள். காணொளியைச் சுருக்கச் சுருக்க ஐந்து விரல்கள் மூன்றாயின. மூன்றும் ஒன்றாயின. அந்த ஒன்றும் ஈரத் தாளில் விழுந்த மையைப் போலப் பரவி நின்றது.

அழகாகத்தான் இருந்தது. கனவில் எவரோ கையசைப்பதைப் போல.

ஆனால் அதில் மொழி இல்லை.

அவள் தலையை அசைத்து மறுத்தாள். விரல் தெரிய வேண்டும். விரல் போனால் சொல் போயிற்று. சொல் போனால் அவளே போனாள்.

“தெளிவா அனுப்புனா பெருசா இருக்குன்னு போக மாட்டேங்குது. சின்னதாக்குனா விரல் தெரியலங்குற. உன் பேச்சுக்கு இந்த ஃபோன்ல இடம் பத்தலடி!”

அண்ணனின் உதடுகளைப் படித்து அவளும் சிரித்தாள்.

திருச்சியிலிருக்கும் மருதவாணனுக்குப் போக வேண்டிய காணொளி அது. அவனுக்கும் காது கேளாது. கேளாதவளுக்குக் கேளாதவன், இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும் என்றது வீடு. செருப்புக்கு ஜோடி சேர்ப்பதைப் போலத் தன்னைச் சேர்க்கிறார்களே என்றிருந்தது அவளுக்கு.

மருதவாணன் நகை கேட்கவில்லை. வண்டி கேட்கவில்லை. பெண்ணின் சம்மதத்தைப் பெண்ணின் கைகளாலேயே சொல்லச் சொல்லுங்கள் என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தான்.

அவளிடமும் கைப்பேசி இருந்தது. மாப்பிள்ளையின் எண் மட்டும் அதில் இல்லை. நிச்சயமாகும் வரை அந்த எண் ஆண்களிடம்தான் இருக்கும்.

காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள். இறங்கி வந்தபோது காணொளி போயிருந்தது.

“விரலெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. வாலை மட்டும் கொஞ்சம் நறுக்கிட்டேன். கடைசியில சும்மாதான நின்ன?”

வாங்கிப் பார்த்தாள்.

பெயரைச் சொல்லியிருந்தாள். படுக்கை விரிப்புகளுக்குக் கணினியில் பூ வரையும் தன் வேலையைச் சொல்லியிருந்தாள். ‘உங்களை மணக்க எனக்குச் சம்மதம்’ என்றன கைகள். அடுத்த சொல்லுக்காக வலக்கை மேலே எழுந்தது.

அங்கே நின்றுவிட்டது.

‘இல்லை’ என்ற சொல் இல்லை.

எத்தனை பெரிய சொல்! அதற்குத்தானா இடம் இல்லாமற்போயிற்று?

அண்ணி சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று இவள் இரு கைகளையும் ஆட்டினாள்.

“வெக்கத்தப் பாரு!”

சோறு, தூக்கம், வா, போ. அவளுடைய மொழியில் அந்த வீட்டுக்குத் தெரிந்தவை அவ்வளவே. ஆகவே தாளை எடுத்தாள். எனக்கு விருப்பம் இல்லை என்று எழுதி நீட்டினாள்.

அண்ணன் படித்தான். சிரித்தான்.

அண்ணியும் படித்தாள். அவள் உடனே சிரிக்கவில்லை.

“எல்லாப் பொண்ணும் மொதல்ல இப்படித்தான். நான் எழுதிக் காட்டல, அவ்வளவுதான்.”

சர்க்கரை நாவில் விழுந்தது. எவரையும் கேளாமல் கரைந்தது.

கேளாதவள் என்று அவளைத்தான் ஊர் சொல்கிறது.

அன்று முழுவதும் அந்தக் கை வீட்டுக்குள் மிதந்தது. கொதிக்கும் உலைக்கு மேலே மிதந்தது. கண்ணாடியில் முகம் பார்த்தால் முகத்துக்குப் பக்கத்தில் மிதந்தது. பூ வரைய உட்கார்ந்தாள். திரையில் விரிந்த ஒவ்வோர் இதழும், சொல்ல வந்ததைச் சொல்லாமல் பாதியில் நின்ற ஒரு விரலாயிற்று. உறங்கிய பின்னும் அது இறங்கவில்லை. தண்ணீருக்கடியில் நிற்பவளின் கையைப் போல, தானாக மேலே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பதில் வந்தது. அதுவும் ஒரு காணொளி.

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். வேறு வழியின்றி அவளிடம் நீட்டினான். அவன் ஒரு தோளுக்குப் பின்னால் நின்றான். அண்ணி மறு தோளுக்குப் பின்னால்.

திரையில் ஒரு சன்னல். அதன் வெளிச்சத்தில், அறிமுகமில்லாத இரண்டு கைகள். அவை அவசரப்படவில்லை. விரல் விரலாகப் பேசின.

“வீடியோ பாதியில நிக்குது. உங்க கை மேல போயிருக்கு, இன்னும் இறங்கல. கை இறங்காம பேச்சு முடியாதே? மிச்சத்தையும் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் கேட்டுக்குறேன்.”

பின்னால் நின்ற இருவரும் கைகள் அசைவதைப் பார்த்தார்கள். அவள் ஒருத்தி மட்டுமே கேட்டாள்.

“என்னடி சொல்றாரு? தேதி குறிச்சிட்டாங்களா?” அண்ணன் அவள் முகத்துக்கு நேரே வந்து கேட்டான்.

அவள் தாளில் எழுதினாள். நான் இன்னும் பேசி முடிக்கவில்லையாம். மிச்சத்தையும் சொல்லச் சொல்கிறார்.

அண்ணன் படித்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

அண்ணிதான் முதலில் அசைந்தாள். போய்ச் சன்னலின் திரைச்சீலையை முழுவதுமாக விலக்கினாள்.

அவள் சுவரோரம் நின்றாள். வெயில் அவள் முழங்கைவரை ஏறிற்று. அண்ணன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தான்.

விட்ட இடத்திற்கு வலக்கையை எடுத்துச் சென்றாள். அந்தரத்தில் சற்றே நிறுத்தினாள். நேற்று அங்கே வைத்த சொல் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று தேடுகிறவளைப் போல.

பிறகு ஒரு சொல். ஒரே சொல்.

கை இறங்கியது.

அண்ணன் பதிவை நிறுத்தவில்லை. பிடித்த கைப்பேசியைப் பிடித்தபடியே நின்றான்.

“முடிஞ்சுதா?” என்றன அவன் உதடுகள்.