புகை விடுகிற கிழம்

புறவழிச்சாலை பங்க்கில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. தகரக் கொட்டகைக்குள் டீசல் ஜெனரேட்டர் இருமி இருமி ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே ஒயர் மாட்டிக்கொண்டு ஒரு பேட்டரி கார் நின்றது. பக்கத்தில் குழாய் மாட்டிக்கொண்டு ஒரு ஹைட்ரஜன் கார். இரண்டுக்கும் வாய்ச்சண்டை.

"எம் பின்னாலருந்து வர்றது புகையில்ல, வெறும் தண்ணி. நீ சார்ஜ் ஏத்துறதுக்குள்ள ஒரு படம் பாத்துட்டு வந்துடலாம்" என்றது ஹைட்ரஜன் கார்.

"உனக்கு கேஸ் பிடிக்க இந்த மாவட்டத்துக்கே இந்த ஒரு பங்க்தான். இதுல பெருமை வேற" என்றது பேட்டரி கார்.

காற்று திரும்பி, ஜெனரேட்டர் புகை இரண்டின் மேலும் படிந்தது.

"இந்தக் கிழத்தை யாரு இங்க வெச்சது? ஊரையே நாறடிக்குது."

அதில் மட்டும் இரண்டும் ஒரே கட்சி.

ஜெனரேட்டருக்குச் சுருக்கென்றது. இந்த வெயிலில் உள்ளே வெந்து சாவது யாருக்காக? ஒருத்தனுக்கு ஒயரிலும் இன்னொருத்தனுக்குக் குழாயிலும் ஊட்டிவிடுவது யார்? தின்கிற வாயாலேயே கிழம் என்கிறார்களே. பொருமிக்கொண்டே ஒரு குலுக்கு குலுக்கி அது நின்றுவிட்டது.

சார்ஜர் விளக்கு அணைந்தது. ஹைட்ரஜன் பம்ப்பும் ஓய்ந்தது.

"அண்ணே," என்று இரண்டு குரலும் ஒன்றாகக் குழைந்தன. "ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

"புகை போயிடுச்சு தம்பிகளா," என்றது ஜெனரேட்டர். "இப்ப நல்லா மூச்சு விடுங்க."