காட்டு வீரனுக்கு இருபது புள்ளி

பகடை உருட்டி ஆடும் கற்பனைப் போர் விளையாட்டுக்கு ஓர் ஆள் குறைந்தது. பட்டாசு என்று பெயரெடுத்தவள், தோழியின் அப்பாவையே பிடித்து மேஜையில் உட்காரவைத்தாள்.

"அங்கிள், நீங்கதான் காட்டு வீரன். உங்களுக்கு இருபது புள்ளி. வில், வாள், வலிமை, காது, பதுங்கல்... எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு எழுதுங்க."

அவர் யோசிக்கவே இல்லை. காதுக்குப் பத்து, பதுங்கலுக்குப் பத்து என்று எழுதி நீட்டினார்.

பட்டாசு திருதிருவென்று விழித்தாள். "வாளுக்கு ஒண்ணுமே இல்லையே! கரடி வந்தா?"

"வர்றதுக்கு முன்னாடியே சத்தம் கேட்டுடும்மா. ஒதுங்கி வழி விட்டுடுவேன்."

"வீரன் ஒதுங்கலாமா?"

"பின்னே?" அவரும் குழம்பிப்போய்ப் பார்த்தார்.

அதற்குள் போன் வர, பேசிக்கொண்டே உள்ளே போனார்.

"உங்கப்பா ஏன்டி இப்படிப் பயந்தாங்கொள்ளியா இருக்காரு? பேங்க்ல வேலையா?" என்று கிசுகிசுத்தாள் பட்டாசு.

தோழி வாயைத் திறப்பதற்குள், சீருடையும் பூட்ஸுமாக அவர் வெளியே வந்தார்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி கரடி இறங்கிடுச்சாம். காட்டுக்குள்ள அனுப்பிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் என் வீரனைப் பத்திரமா பாத்துக்குங்க."

அவர் கதவைச் சாத்தியதும் தோழி சொன்னாள்: "காட்டிலாகாவுல இருபத்தாறு வருஷம்டி. உடம்புல ஒரு கீறல் கிடையாது."

பட்டாசு ரப்பரை எடுத்தாள். தன் வீராங்கனையின் வாளுக்குப் போட்டிருந்த பதினெட்டை அழிக்கத் தொடங்கினாள்.