தடுப்புக்கு அந்தப் பக்கம்

"சரியா வருமான்னு மரவேலைக் குழுவுல கேக்கலாம்னா, படம் ஏறவே மாட்டேங்குது!" கணவன் போனை முறைத்தான்.

ஹாலை இரண்டாக மறிக்கும் மரத்தடுப்பை அவனே வரைந்திருந்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் நிம்மதி.

"மெதுவா பேசுங்க. உள்ள அம்மா காதுல விழப்போகுது," என்றாள் மனைவி.

"எங்க விழும்? எந்நேரமும் போனும் கையுமா இருக்காங்க."

குழுவில் 'உளி' என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக வழி சொன்னார்.

'ஃபைல் ரொம்பப் பெரிசு சார். அளவைக் குறைச்சுப் போடுங்க.'

குறைத்தான். படம் ஏறியது, ஆனால் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

'போன்லயே திருப்பி, சேவ் பண்ணிட்டுப் போடுங்க.'

இந்த முறை பளிச்சென்று வந்தது.

"முகம் தெரியாத மனுஷனுக்கு எவ்வளவு அக்கறை பாரு! இதுல கால்வாசி வீட்டுல இருக்கிறவங்களுக்கு இருந்தா, தடுப்பே வேண்டாம்."

உளியிடமிருந்து அடுத்த பதில் வந்தது.

'வரைஞ்சது சுத்தமா இருக்கு. இடதுபக்கச் சுவத்துல மட்டும் துளை போடாதீங்க, உள்ள தண்ணிக் குழாய் போகுது. முடிஞ்சா ஜன்னல் என் பக்கம் வர்ற மாதிரி வைங்க, மாப்பிள்ளை.'